வாரத்துக்கு 24 மணி நேரம்: தண்டனை மாணவனுக்கு, லாபம் முதலாளிக்கா?



போன வாரம் நம்ம பக்கத்தோட இன்பாக்ஸுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. டெல்டா மாவட்டத்தில் இருந்து ஒரு தகப்பனார். பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால போடலை. பையன் கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷ டிப்ளமோ படிக்கிறான். வீட்டுப் பத்திரமும் ஒன்றரை ஏக்கர் நிலப் பத்திரமும் வங்கியில் இருக்கு.

பையன் ஒரு ஓட்டலில் வேலை பார்த்திருக்கான். வாரத்துக்கு 24 மணி நேரம் சம்பளச் சீட்டில் காட்டுவாங்க. அதுக்கு மேல 15 மணி நேரம், மணிக்கு 12 டாலர், கையில் காசு. அப்படித்தான் பேச்சு. அந்தக் கைக்காசு ஏழு வாரமா வரலை. கணக்குப் போட்டா 1,260 டாலர், நம்ம பணத்தில் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல. போய்க் கேட்டதுக்கு முதலாளி சொன்ன பதில்: "புகார் கொடு. நீ எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு நானும் சொல்றேன்."

குரல்பதிவு அந்த அப்பாவோட ஒரு கேள்வியில் முடியுது. "இதுல தப்பு பண்ணினது என் பையனா, இல்ல அந்த ஆளாங்கய்யா?"

தோழர்களே, இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. உங்க தெருவிலும் ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கிட்டு இருக்கலாம்.

முதலில் விதி என்னன்னு தெளிவா பார்த்துடுவோம். கனடாவில் படிக்கிற வெளிநாட்டு மாணவர், வகுப்பு நடக்கிற காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு அதிகபட்சம் 24 மணி நேரம் வேலை பார்க்கலாம். 2024 நவம்பர் 8 முதல் இதுதான் நடைமுறை. அதுக்கு முன்னாடி 20 மணி நேரம். கல்லூரி அறிவித்த விடுமுறைக் காலத்தில் முழு நேரமும் பார்க்கலாம். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வேலை கிடைச்சா மணிக்கணக்கே கிடையாது. ஆனா வளாகத்துக்குள்ள வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நூலகத்தில் நாலு பேர், கேண்டீனில் பத்து பேர். மீதிப் பேர் வெளியேதான் போயாகணும். ஓட்டல், கிடங்கு, பெட்ரோல் பங்க், மளிகைக் கடை.

இந்த 24-ஐ ஒரு மணி நேரம் தாண்டினாலும் விதிமீறல். மாணவர் என்கிற அந்தஸ்தே போகலாம். அடுத்து படிப்பு அனுமதியோ வேலை அனுமதியோ கேட்டால் மறுக்கலாம். நாட்டை விட்டே போகச் சொல்லலாம்.

சரி, சட்டம் சட்டம்தான்னு வெச்சுக்குவோம். படிக்கப் போனவங்க படிக்கணும், அதுக்கு நேரம் வேணும், அதனால் வேலைக்கு ஒரு வரம்பு. இதில் ஒரு நியாயம் இருக்குன்னு நாமும் ஒத்துக்குவோம். ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு காலையில் வகுப்பில் தூங்குற பிள்ளைக்கு டிப்ளமோ கிடைச்சாலும் படிப்பு கிடைக்காது. வரம்பே கூடாதுன்னு நம்ம கட்சி சொல்லலை.

ஆனா இந்த வரம்பு உண்மையிலேயே படிப்புக்காகத்தான் போட்டதா? கனடா அரசு கடந்த சில வருஷத்தில் செஞ்சதை வரிசையா பாருங்க.

2022 அக்டோபர் 7. அன்றைய குடிவரவு அமைச்சர் ஷான் ஃபிரேசர் ஒரு அறிவிப்பு வெளியிடறார். நவம்பர் 15 முதல் 20 மணி நேர வரம்பு தற்காலிகமா நீக்கம். எத்தனை மணி நேரம் வேணும்னாலும் வேலை பாருங்க. ஏன்? மாணவர் கஷ்டப்படுறாங்கன்னா? இல்லை. நாட்டில் ஆள் பற்றாக்குறை. கொரோனாவுக்குப் பிறகு கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் கிடங்குகளுக்கும் ஆள் கிடைக்கலை. ஏற்கனவே நாட்டுக்குள்ள 5 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டு மாணவர் இருக்காங்க, அவங்களைக் கூடுதல் நேரம் பயன்படுத்தலாம்னு அரசே காரணம் சொன்னது. அன்னைக்கு படிப்பு கெட்டுப்போகும்னு ஒருத்தரும் கவலைப்படலை. 

2023 டிசம்பர் 31-ஓட முடிய வேண்டிய சலுகையை, அடுத்து வந்த அமைச்சர் மார்க் மில்லர் 2024 ஏப்ரல் 30 வரை நீட்டிச்சார். அதுக்குள்ள கனடா அரசியலில் காத்து மாறிப்போச்சு. வீட்டு வாடகை எகிறிப்போச்சு. மக்கள் கோபமா இருக்காங்க. கோபத்தை யார் மேலயாவது இறக்கி வைக்கணும். வீடு கட்டாத அரசு மேலயா, வாடகையை ஏத்தின முதலாளி மேலயா? வாக்குரிமை இல்லாத ஆள் ஒருத்தன் அங்கே நின்னுக்கிட்டு இருக்கானே, வெளிநாட்டு மாணவன், அவன் மேல இறக்கியாச்சு. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. ஏப்ரல் 30-க்குப் பிறகு வேலை வரம்பு மறுபடி 20 மணி நேரம். இந்தத் திட்டம் படிக்கத்தான், வேலை பார்க்க இல்லைன்னு இப்போ அரசுக்கு ஞாபகம் வருது! நவம்பரில் 24.

அதாவது இரண்டே வருஷத்துக்குள்ள: 20, அப்புறம் வரம்பே இல்லை, அப்புறம் மறுபடி 20, அப்புறம் 24. இடையில் ஒரு மாணவன் சேர்ந்து, கடன் வாங்கி, வாடகைக்கு அறை எடுத்து, வரம்பில்லாத காலத்துக் கணக்கை நம்பி இரண்டாம் வருஷ ஃபீஸுக்குத் திட்டம் போட்டிருப்பான். அவன் கணக்கு என்ன ஆச்சு? முதலாளிக்கு ஆள் வேணும்னா குழாயைத் திறக்கிறது, தேர்தல் பயம் வந்தா மூடுறது. இதுக்குப் பேர் கல்விக் கொள்கையா?

இப்போ பணத்துக்கு வருவோம். இந்தக் கணக்கை யாராவது ஏஜெண்ட்கிட்ட போட்டுக் காட்டச் சொல்லுங்க. மனுஷன் எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவார்.

கனடா அரசே சொல்லுது: ஒரு தனி மாணவர் ஒரு வருஷம் அங்கே வாழ, படிப்புக் கட்டணமும் விமானக் கட்டணமும் நீங்கலா, 22,895 டாலர் கையில் இருக்கணும்னு. 2025 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய். (2023 முடிய இது வெறும் 10,000 டாலர். இருபது வருஷமா மாத்தாம வெச்சிருந்து, 2024 ஜனவரியில் ஒரே அடியா 20,635 ஆக்கினாங்க. அது தனிக் கதை.) ஒண்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17 டாலர் 60 சென்ட். வாரம் 24 மணி நேரம் பார்த்தால் 422 டாலர் 40 சென்ட். வருஷத்தில் 52 வாரமும், ஒரு நாள் காய்ச்சல்னு படுக்காம, ஒரு தேர்வுக்குக்கூட லீவு போடாம பார்த்தா 21,964 டாலர். பிடித்தங்களுக்கு முன்னாடி.

22,895 எங்கே, 21,964 எங்கே? சட்டப்படி பார்க்கக்கூடிய வேலையை முழுசா பார்த்தாலும், அதே சட்டம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தேவைன்னு சொல்ற தொகைக்கே எட்டலை. கோடை விடுமுறையில் முழு நேரம் பார்த்தா இந்தப் பள்ளம் நிரம்பும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அது உண்மை, மறைக்கலை. ஆனா ஃபீஸ்? கனடா புள்ளியியல் துறை கணக்குப்படி 2024-25 கல்வியாண்டில் இளநிலைப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் கட்டின சராசரிக் கட்டணம் 40,114 டாலர். கனடா மாணவர் கட்டினது 7,360. கல்லூரி டிப்ளமோவுக்கு இதைவிடக் குறைவுதான். ஆனா அந்தக் குறைவான தொகையும் இந்தக் கூலியில் இருந்து கட்ட முடியாது. 

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒண்டாரியோ அரசு 2019-ல் உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் குறைச்சு, அப்படியே உறைய வெச்சுது. நல்லதுதான், அவங்க பிள்ளைக்கு. ஆனா அந்தப் பள்ளத்தை அரசுப் பணம் போட்டு நிரப்பலை. கல்லூரிகளைப் பார்த்து, நீங்களே தேடிக்குங்கன்னு விட்டாங்க. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஒண்டாரியோ தணிக்கைத் தலைவர் 2021 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் இருக்கு: 2020-21-ல் அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் 30 சதவீதம், கட்டண வருமானத்தில் அவங்க பங்கு 68 சதவீதம். அந்த வெளிநாட்டு மாணவர்களில் 62 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்து போனவங்க.

மறுபடி படிங்க தோழர்களே. நூத்துக்கு முப்பது பேர் கட்டினது நூத்துக்கு அறுபத்தெட்டு. நம்ம ஊர் நிலப் பத்திரமும் பஞ்சாப் விவசாயியோட டிராக்டரும் சேர்ந்துதான் ஒண்டாரியோ கல்லூரிக்குக் கூரை போட்டிருக்கு. கூரை போட்டவனைப் பார்த்து, 24 மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தா வெளியே போன்னு சொல்றாங்க.

இந்த இடத்தில் கமெண்ட்டில் ரெண்டு வகை ஆட்கள் வருவாங்க. அவங்களுக்கும் இங்கேயே பதில்.

முதல் வகை: "வசதி இல்லாதவன் எதுக்கு வெளிநாடு போறான்?" ஐயா, வசதி உள்ளவன் மட்டும் போகணும்னா அதை விளம்பரத்தில் போடச் சொல்லுங்க. கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் கன்சல்டன்சி பேனரில் என்ன போட்டிருக்கான்? படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம்னுதானே? சென்னை ஓட்டல்களில் கல்விக் கண்காட்சி நடத்துற கல்லூரிப் பிரதிநிதிகள் பணக்காரப் பிள்ளைகளை மட்டுமா கூப்பிடறாங்க? கடன் வாங்கியாவது வான்னு கூப்பிட்டுட்டு, வந்த பிறகு வசதியில்லாதவன் ஏன் வந்தேன்னு கேட்கிறது என்ன நியாயம்?

இரண்டாவது வகை: "அது அவங்க நாடு, அவங்க சட்டம். நாம யார் கேட்க?" கேட்கலாம். நம்ம பணம் போகுது, நம்ம பிள்ளை போகுது. 2024-ல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி வெளிநாட்டில் படிக்கிற இந்திய மாணவர் 13 லட்சத்துக்கு மேல். அதில் கனடாவில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல். நாலு லட்சம் பேர் ஒரு நாட்டுக்குப் பணம் கட்டிக்கிட்டு இருக்கிறப்போ, அந்த நாட்டோட சட்டம் அவங்களை எப்படி நடத்துதுன்னு கேட்கிறது அத்துமீறல் இல்லை. கேட்காம இருக்கிறதுதான் கேவலம்.

இப்போ அந்த அப்பாவோட கேள்விக்கு வருவோம். தப்பு யார் மேல?

சட்டப் புத்தகத்தைத் திறந்தா ரெண்டு பேர் மேலயும்தான். கனடாவின் குடிவரவுச் சட்டம் 124-ஆவது பிரிவு, அனுமதி இல்லாத வேலையில் ஒரு வெளிநாட்டவரை வைக்கிற முதலாளியையும் குற்றவாளின்னுதான் சொல்லுது. 50,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை போடலாம். இன்னொரு பக்கம், ஒண்டாரியோவின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் வேலை பார்த்தவனுக்குக் கூலி கொடுத்தே ஆகணும்னு சொல்லுது. அவன் எந்த விசாவில் வந்தான்னு அது கேட்காது. புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கு.

எழுத்தில் எல்லாம் அழகா இருக்கு, இல்லீங்களா?

ஆனா புகார் கொடுக்கணும்னா என்ன ஆதாரம் காட்டணும்? எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு எழுதித் தரணும். அந்தக் காகிதம்தான் அவனோட விதிமீறலுக்கும் ஆதாரம். கூலி கேட்கிற மனுவே குற்ற ஒப்புதல் வாக்குமூலமா மாறுது. கூலித் துறையும் குடிவரவுத் துறையும் பேசிக்குமா பேசிக்காதான்னு அந்தப் பையனுக்குத் தெரியாது. தெரியாதுங்கிறது போதும், வாயை மூட. முதலாளிக்கு இது நல்லாத் தெரியும். அதனாலதான் "புகார் கொடு"ன்னு தைரியமா சொல்றான். முதலாளி மாட்டினா அபராதம். மாணவன் மாட்டினா அவன் வாழ்க்கை, அப்பாவோட நிலம், தங்கச்சியோட படிப்பு. இதுல யார் யாரை மிரட்ட முடியும்?

இன்னொன்னு கேளுங்க. முதலாளி கொடுமைப்படுத்தினா தப்பிச்சு வர்றதுக்குன்னே கனடா 2019-ல் ஒரு சிறப்பு வேலை அனுமதி கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. பாதிக்கப்பட்ட தொழிலாளி அதுக்கு விண்ணப்பிச்சு வேற முதலாளிகிட்ட போகலாம். ஆனா ஒரே முதலாளியோட பிணைக்கப்பட்ட வேலை அனுமதி வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது. மாணவர் அனுமதியில் இருக்கிறவருக்குக் கிடையாது. கதவு இருக்கு, நம்ம பிள்ளைக்கு மட்டும் சாவி இல்லை.

வரம்பு மீறினா உண்மையிலேயே அனுப்பிடுவாங்களான்னு சந்தேகப்படுறவங்களுக்கு ஒரு பழைய செய்தி. 2017 டிசம்பரில் ஒண்டாரியோ நெடுஞ்சாலையில் ஒரு லாரியைப் போலீஸ் நிறுத்தினாங்க. ஓட்டினது பஞ்சாபில் இருந்து போன ஒரு பொறியியல் டிப்ளமோ மாணவர். மாண்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் நடுவில் சரக்கு ஓட்டிக்கிட்டிருந்தார். படிப்பு முடிய சில நாள்தான் பாக்கி. விசாரிச்சதில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை பார்த்தது தெரிஞ்சது. அவர் திருடலை, யாரையும் இடிக்கலை. தன்னோட ஃபீஸையும் தம்பி ஃபீஸையும் கட்டத்தான் ஓட்டினேன்னு சொன்னார். நாடு கடத்தும் உத்தரவு வந்தது. 2019-ல் ஆயிரக்கணக்கானவங்க அவருக்காகக் கையெழுத்துப் போட்டாங்க, கனடா பத்திரிகை எல்லாம் எழுதினாங்க. மூணு வருஷம் கழிச்சு, 2022-ல், முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டப்போ அதே வேலை சட்டப்படி சரியாப் போச்சு! 2017-ல் நாடு கடத்துற குற்றம், 2022-ல் நாட்டுக்குச் சேவை.

இதை மாத்தவே முடியாதா? முடியும். ஆஸ்திரேலியா வழி காட்டியிருக்கு. அதுவும் சும்மா வரலை, அவமானப்பட்ட பிறகு வந்தது.

2015-ல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி செவன்-இலெவன் கடைகளைப் பத்தி ஒரு புலனாய்வு வெளியிட்டது. வெளிநாட்டு மாணவர்களை நாற்பது மணி நேரம் வேலை வாங்கி, இருபது மணி நேரத்துக்குச் சம்பளம் போட்ட கடைகள். வாய் திறந்தா, நீ விசா வரம்பை மீறினவன்னு மிரட்டல். நம்ம டெல்டா பையன் கேட்ட அதே வசனம்! கடைசியில் அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்த கூலிப் பாக்கி 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். அத்தனை வருஷமா அந்தப் பணம் ஏன் வெளியே வரலை? மாணவர்களுக்கு எண்ணத் தெரியாமலா? பயம்.

அந்தப் பாடத்தில் இருந்து, ரொம்ப மெதுவாத்தான், ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் சட்டத்தைத் திருத்தியது. விசா நிலையைக் காட்டி ஒரு தொழிலாளியை மிரட்டுறதே முதலாளிக்குக் குற்றம். வேலை வரம்பை மீறியிருந்தாலும், சுரண்டலைப் பத்திப் புகார் கொடுக்க முன்வர்றவரோட விசாவை ரத்து செய்யாம பாதுகாக்க ஓர் ஏற்பாடு, சோதனை முறையில். கூலி வழக்கு நடத்துறதுக்காகவே அங்கே தங்க ஒரு குறுகிய கால விசா. மணிக்கணக்கு வரம்பை அவங்க எடுத்துடலை. இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்னு இன்னைக்கும் இருக்கு. வரம்பும் இருக்கு, புகார் கொடுக்கிறவனுக்குப் பாதுகாப்பும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தே இருக்க முடியும்ங்கிறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?

கனடாவிலேயே மாணவர்கள் சும்மா இல்லை. பிராம்ப்டன் நகரத்தில் 2021-ல் தொடங்கின நவ்ஜவான் சப்போர்ட் நெட்வொர்க்னு ஓர் அமைப்பு, பெரும்பாலும் பஞ்சாபி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும். கூலி தராத முதலாளி வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் தட்டி பிடிச்சு நின்னாங்க. அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும்னு. பல பேருக்குப் பணம் வாங்கிக் கொடுத்திருக்காங்க. அவதூறு வழக்கும் வாங்கியிருக்காங்க. சட்டம் பாதுகாக்காத இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து நின்னா என்ன நடக்கும்ங்கிறதுக்கு அவங்க சாட்சி. 

இதுல ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாகணும். மாணவனுக்குக் கைக்காசு வேலை கொடுக்கிறவன் எப்பவும் வெள்ளைக்காரன்னு நினைச்சுக்காதீங்க. பல சமயம் அது நம்ம மொழி பேசுற ஆளாத்தான் இருக்கான். மொழி தெரியும், சாப்பாடு தெரியும், "தம்பி"ன்னு கூப்பிடுவான், அதனாலதான் பையன் அங்கே போய் நிக்கிறான். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் போருக்குத் தப்பி ஓடிப்போய், ரெண்டு மூணு வேலை பார்த்து, கடை வெச்சு எழுந்த ஈழத்து உறவுகள் நம்ம பிள்ளைகளுக்கு அறை கொடுத்து, சோறு போட்டு, வேலையும் நேர்மையா கொடுத்த கதைகள் நமக்கு நிறைய வந்திருக்கு. நன்றியோட சொல்றோம். அதே தெருவில் "தம்பி"ன்னு கூப்பிட்டுக் கூலியை முழுங்குறவனும் இருக்கான். அவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் நமக்கு அவன் முதலாளிதான், உறவு இல்லை.

சரி, ஒட்டாவா அரசை நாம சென்னையில் இருந்து மாத்த முடியாது. இங்கே இருக்கிற அரசுகளை மாத்த முடியுமில்லையா?

வளைகுடாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜெண்ட், 1983-ஆம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி ஒன்றிய அரசுகிட்டப் பதிவு பண்ணியாகணும். பதிவு இல்லைன்னா குற்றம். ஆனா மாணவனா அனுப்புறவன்? அந்தச் சட்டம் அவனைத் தொடாது. ஏன்னா பையன் "வேலைக்கு" போகலையாம், "படிக்க" போறானாம். அங்கே போன மறு மாசம் பாத்திரம் கழுவுவான்னு ஏஜெண்ட்டுக்குத் தெரியும், கல்லூரிக்குத் தெரியும், கடன் கொடுத்த வங்கிக்குத் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது.

இங்கே ஒரு அறை, ஒரு லேப்டாப், சுவரில் நாலு கொடி இருந்தா எவன் வேணும்னாலும் கல்வி ஆலோசகர். ஒரு பிள்ளையைச் சேர்த்து விட்டா வெளிநாட்டுக் கல்லூரி இவனுக்குக் கமிஷன் கொடுக்கும். அது எவ்வளவுன்னு அப்பாவுக்குத் தெரியாது. ஃப்ரீ கவுன்சிலிங்னு நினைச்சுக்கிட்டு நன்றி சொல்லி, பழம் வாங்கிக் கொடுத்துட்டு வருவார். "பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம் சார், என் சித்தப்பா பையன் கட்டினான்"னு ஏஜெண்ட் சொல்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு இந்த நாட்டில் எவனும் பொறுப்பில்லை.

பஞ்சாப் 2012-லேயே இதுக்குத் தனிச் சட்டம் போட்டது. பயண ஏஜெண்ட், விசா ஆலோசகர், கோச்சிங் சென்டர் எல்லாரும் உரிமம் எடுக்கணும். அந்தச் சட்டம் எல்லாத்தையும் தடுத்துடுச்சான்னா, இல்லை. 2023-ல் போலிச் சேர்க்கைக் கடிதத்தோட அனுப்பப்பட்டு கனடாவில் மாட்டிக்கிட்டவங்களில் பஞ்சாப் பிள்ளைகள்தான் நிறைய. ஆனா அங்கே ஏமாந்தவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா எழுத ஒரு பிரிவு இருக்கு. நம்ம ஊரில் ஸ்டேஷனுக்குப் போனா, "நீதானே கையெழுத்துப் போட்ட"ம்பாங்க.

நம்ம கட்சி கேட்கிறது வானத்தை இல்லை. தமிழ்நாட்டில் வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கிற ஒவ்வொரு ஏஜெண்ட்டும் அரசிடம் பதிவு பண்ணணும். சேர்க்கைக்குக் கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி, அந்த நாட்டில் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம், குறைந்தபட்சக் கூலி என்ன, மீறினா என்ன ஆகும், தனக்குக் கமிஷன் எவ்வளவுங்கிறதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, பெற்றோர்கிட்டக் கொடுக்கணும். பொய் எழுதினா உரிமம் ரத்து, வழக்கு. அயலகத் தமிழர் நல வாரியத்தில் கூலி பறிபோன மாணவர்களுக்குன்னு ஒரு சட்ட உதவிப் பிரிவு வேணும், அந்த ஊர்ச் சட்டம் தெரிஞ்ச வக்கீலோட. ஒன்றிய அரசு டொரண்டோ துணைத் தூதரகத்தில் மாணவர் கூலிப் புகாருக்கு ஓர் அதிகாரியை உட்கார வைக்கணும். கனடாவோட எந்தப் பேச்சுவார்த்தை நடந்தாலும், பருப்பு ஏற்றுமதியும் யுரேனியமும் மட்டும் பேசாம, புகார் கொடுக்கிற மாணவனோட விசாவைத் தொடாதேன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லணும். கல்விக் கடன் கொடுக்கிற வங்கி, பகுதி நேர வருமானத்தைத் திருப்பிக் கட்டும் கணக்கில் சேர்த்துக் காட்டுறதை நிறுத்தணும்.

இதுல எதுக்குப் பெரிய பணம் வேணும், சொல்லுங்க? ஒரு சட்டம், நாலு அதிகாரி, ஒரு பக்கக் காகிதம்.

அந்த அப்பாவுக்கு நாங்க என்ன சொன்னோம்னு கேட்கலாம். பையன் மணிக்கணக்கை ஒரு நோட்டில் தேதியோட எழுதி வெச்சிருக்கான். முதலாளி அனுப்பின வாட்ஸ்அப் ஷிப்ட் செய்தி எல்லாம் போனில் இருக்கு. எதையும் அழிக்காதேன்னு சொல்லியிருக்கோம். இனி கைக்காசு வேலைக்குப் போகாதேன்னும் சொல்லியிருக்கோம். விசாவுக்கு ஆபத்தில்லாம கூலி கேட்க என்ன வழின்னு அங்கே உள்ள ஒரு தொழிலாளர் சட்ட மையத்துக்குப் பேசி, நேரம் வாங்கிக் கொடுத்திருக்கோம். பணம் வரும்னு உறுதி சொல்லலை, சொல்ல முடியாது.

கனடாவிலோ வேறு நாட்டிலோ இதே மாதிரி கூலி பாக்கியோட இருக்கிற பிள்ளைகள் இன்பாக்ஸில் எழுதுங்க. பேர் வெளியே வராது. கமெண்ட்டில் கம்பெனி பேர் போடாதீங்க, அது உங்களுக்கே திரும்பும்.

மத்தவங்க ஒரு வேலை செய்யுங்க. "படிச்சுக்கிட்டே சம்பாதிச்சு ஃபீஸ் கட்டலாம்"னு உங்க ஊரில் எங்கே பேனர், போஸ்டர், ஆட்டோ ஸ்டிக்கர் பார்த்தாலும் படம் எடுத்து, தேதியும் ஊரும் போட்டு இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. மாவட்ட வாரியாத் தொகுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோட சேர்த்துக் கொடுக்கப்போறோம். டெல்டாவில் இருந்து தொடங்குறோம்.

#மாணவர்கூலி #ஏஜெண்ட்டுக்குஉரிமம்